காய்ச்சல் காட்டாத கிருமி (சிறுநீரகக் கதை – 14)

2008 செப்டம்பரில் அப்போலோவிலிருந்து ஓர் இதயம் 11 நிமிடத்தில் முகப்பேருக்கு வந்து சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயம் அது. ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையில் ஒரு சிறுமி அதற்காகக் காத்திருந்தாள். பிறகு சினிமாவே வந்தது. அந்தப் பையனின் சிறுநீரகங்களையும் பெற்றோர் தானம் கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. சிறுநீரகத்தில் திகில் எல்லாம் பொருத்தி முடித்த பிறகு, மாதக்கணக்கில், லேப் ரிப்போர்ட்டுகளில்தான் நடக்கிறது.

இந்த வாரம் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களின் பக்கம்.

வீட்டில் என்ன நடக்கும்? தனி அறை, தனித் தட்டு, மாஸ்க், விருந்தாளிக்குத் தடை. எல்லாம் சரிதான். ஆனால் இந்த வாரக் கதாநாயகன் வாசல் வழியாக வருபவன் அல்ல. பெயர் பி.கே. வைரஸ். வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த அதே 1971இல்தான் லண்டனில் சில்வியா கார்ட்னர் குழுவினர் இதைக் கண்டறிந்து அறிவித்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் கிடைத்தது. அவருடைய முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராயின.

நம்மில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே இதை வாங்கிக்கொண்டவர்கள். சளி பிடித்ததுபோல வந்துபோயிருக்கும், அல்லது தெரிந்தே இருக்காது. பிறகு சிறுநீரகத்திலேயே குடியிருக்கும், வாடகை பாக்கி வைக்காத குடித்தனக்காரனைப் போல. எதிர்ப்புச் சக்தி விழித்திருக்கும்வரை தொல்லையில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அந்தச் சக்தியைத்தானே மாத்திரையால் அடக்குகிறோம்? 1990களின் நடுவில் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற வலுவான மருந்துகள் வந்த பிறகுதான் பி.கே. தன் சுயரூபத்தைப் பரவலாகக் காட்டியது.

பல சமயம் தானமாக வந்த சிறுநீரகத்தோடேயே இந்த வைரஸும் வந்துவிடுகிறது. நம் ஊரில் உயிரோடு இருந்து தானம் தருபவர்களில் பெரும்பாலோர் அம்மாக்களும் மனைவிகளும். “என்னாலதான் வந்துச்சா டாக்டர்?” என்று ஓர் அம்மா கேட்டால், இதில் குற்றவாளி யாருமில்லை என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருக்கே இருக்கும் கிருமி இது.

சிக்கலின் உச்சம் இனிதான். பி.கே.யால் காய்ச்சல் வராது, வலி வராது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், 1.2இல் நின்றது ஒருநாள் 1.8 என்று வரும். உடல் சிறுநீரகத்தைத் தள்ளுகிறதா, வைரஸ் தின்கிறதா? அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தள்ளுகிறது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். தப்பான பக்கம் திரும்பினால் சிறுநீரகமே போகும். அதனால்தான் பயாப்ஸி எடுத்து, திசுவுக்குச் சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். பி.கே.யைக் கொல்ல நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. மாத்திரையை அளந்து குறைத்து, உடலே அதை அடக்கும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்.

மாற்றுக்குப் பிறகு தொல்லை தரும் இன்னொரு கிருமியான சைட்டோமெகலோ வைரஸ் இவ்வளவு கள்ளத்தனம் செய்யாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு என்று சத்தம் போட்டே வரும். வால்கான்சிக்ளோவிர் என்ற மாத்திரை இருக்கிறது; விலைதான் கடிக்கும். ஹெபடைட்டிஸ் சி பழைய வில்லன். ஒருகாலத்தில் அதற்குப் போட்ட இன்டர்ஃபெரான் ஊசியே மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆபத்தாக இருந்தது. இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது.

ஆனால் சத்தமில்லாமல் வரும் பி.கே.யைப் பிடிக்க ஒரே வழி, அறிகுறிக்குக் காத்திராமல் ரத்தத்தில் தேடுவது. முதல் 9 மாதம் மாதம் ஒருமுறை, பிறகு 2 ஆண்டு முடியும்வரை 3 மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனை என்கிறது 2024இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். செலவுதான், சந்தேகமில்லை. ஆனால் இழந்த சிறுநீரகத்துக்காக மறுபடி டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறியது.

மாற்று செய்துகொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செக்கப்பில் “பி.கே. டெஸ்ட் எப்போது எடுத்தோம்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். வைரஸைப் பற்றிப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கூட டாக்ரோலிமஸ் அளவை எகிற வைக்கும், வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே நேரடியாகத் தாக்கும். முதல் போன் உங்கள் சிறுநீரக மருத்துவருக்குத்தான்.