அத்தை வீட்டுக் கான்டெஸா

கோயமுத்தூர் சாயிபாபா காலனியில் என் அத்தை வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அத்தையை அல்ல; காரைத்தான். கேட்டைத் திறந்ததும், நாலரை மீட்டர் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு ஹிந்துஸ்தான் கான்டெஸா வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். "ஒறம்பரை வந்தாக்கூட அதுகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் உள்ள வரோணும்" என்று சிரிப்பார் அத்தை.

1993-ஆம் வருஷம் மாமா ஆசை ஆசையாய் வாங்கிய கார் அது. 2021-ல் மாமா காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன கையோடு, "காரை என்ன செய்வது?" என்ற கேள்வி கிளம்பிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகன், "விற்றுவிடலாம் அம்மா" என்றான். பழைய இரும்பு வாங்கும் ஒருவர், கூப்பிடாமலே வந்து விலை சொல்லிவிட்டுப் போனார். அத்தைக்கு அப்போது வயது 61. மாருதி ஓட்டிப் பழகிய கைதான். ஆனால் கான்டெஸாவின் சாவியை மட்டும் மாமா ஒரு நாளும் அவரிடம் கொடுத்ததில்லை.

"இருபத்தெட்டு வருசம் பக்கத்துல உக்காந்துட்டுப் போயிருக்கேன் அம்மிணி. ஒரு தடவையாச்சும் ஓட்டிப் பாக்காம எப்படி விக்கிறது?" என்றார் அத்தை.

நியாயமான கேள்விதானே? உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கார் உறை போர்த்தி நிற்கலாம். அல்லது உங்கள் வீட்டுக்காரர், "பிரமாதமான வண்டி, மலிவாய் வருகிறது!" என்று இரண்டு நாளாய்த் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருக்கலாம். ஆகவே, அத்தை கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

யார் இந்தச் சீமாட்டி?

கான்டெஸா 1984-ல் சந்தைக்கு வந்தது. அம்பாஸடர் கார் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், வங்காளத்தில் உத்தர்பாராவிலுள்ள தொழிற்சாலையில் இதையும் செய்தது. உருவம் இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரைப் பின்பற்றியது. முதலில் அம்பாஸடரின் 1489 ஸி.ஸி. எஞ்சினையே இதற்கும் வைத்தார்கள். கல்யாணச் சமையலை ஒற்றை அடுப்பில் ஏற்றியது போலாயிற்று! வண்டி பெரிது, வேகம் சொற்பம். சில வருஷம் கழித்து ஜப்பானின் இசுஸு கம்பெனியின் 1817 ஸி.ஸி. எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. சக்தி 88 குதிரையாக உயர்ந்தது. அந்தக் காலத்துப் பத்மினி காருக்குச் சுமார் 40 குதிரைதான் என்பதை நினைத்துப் பார்த்தால், மந்திரிகளும் மில் முதலாளிகளும் ஏன் இதை நாடினார்கள் என்பது விளங்கும். 2002-ல் உற்பத்தி நின்றது.

தள்ளுவண்டி தத்துவம்

மாருதிக்கும் கான்டெஸாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நீளமும் அகலமும் அல்ல. மாருதியில் எஞ்சினின் சக்தி முன்சக்கரங்களுக்குப் போகிறது. மாடு வண்டியை இழுப்பது போல முன்சக்கரங்கள் காரை இழுத்துச் செல்கின்றன. கான்டெஸாவில் எஞ்சின் முன்னால் இருந்தாலும், காரின் அடிவயிற்றில் ஓடும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு அந்தச் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு போகிறது. காய்கறிக்காரர் தள்ளுவண்டியைத் தள்ளுவது போல, இவை பின்னாலிருந்து தள்ளுகின்றன. முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான்.

பழைய கார்களின் பின்சீட்டில் நடுவே உட்கார்ந்திருக்கிறீர்களா? பெரும்பாலும் நாமும் குழந்தைகளும்தானே அங்கே உட்காருவோம்! காலடியில் ஒரு மேடு இடிக்குமே, அந்த மேட்டுக்குக் கீழேதான் இந்தத் தண்டு சுழல்கிறது. மெக்கானிக்குகள் இதைப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்பார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தத் தண்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. எடை குறைந்தது, இடம் மிஞ்சியது, விலையும் இறங்கியது. சிறிய குடும்பக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழிக்கே போய்விட்டன. பின்சக்கர வண்டி அடியோடு மறைந்துவிடவில்லை. விலை உயர்ந்த ஸலூன் கார்கள் பலவற்றில் இன்றும் அதே முறைதான்.

மேட்டில் ஏறும்போது காரின் பாரம் பின்னால் சாய்கிறது. அந்தப் பாரமே பின்சக்கரங்களைச் சாலையில் அழுத்திப் பிடிக்கிறது. ஆகவே ஏற்றத்தில் கான்டெஸா ராணி மாதிரி ஏறும். இறக்கத்தில்தான் சங்கதி இருக்கிறது.

வால்பாறை மழை

சாவியைக் கையில் எடுத்த நாலாம் மாதம், அத்தை என்னையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினார். கோயமுத்தூரிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பேச்சும் சிரிப்புமாய்ப் போனோம். மறுநாள் இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது.

ஒரு வளைவில் திரும்பிக்கொண்டே, அத்தை மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி, மாருதியில் பழகிய வழக்கப்படி கிளட்சைச் சட்டென்று விட்டார். அவ்வளவுதான்! பின்பக்கம் வழுக்கி, கைப்பிடிச் சுவரை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது. என் வாயில் முருகன் பேர் வருவதற்குள் அத்தை கிளட்சை மறுபடி மிதித்துவிட்டார். பின்பக்கம் போன திசையிலேயே ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினார். பிரேக்கைத் தொடவில்லை. கார் நிதானத்துக்கு வந்தது. அடுத்த அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு, இருவரும் பிளாஸ்கிலிருந்த காப்பியைப் பேசாமல் குடித்தோம். அத்தையின் கை நடுங்கிற்று. அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் பாய் தலையை ஆட்டினார். "கியரைக் குறைச்சா எஞ்சின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும்ங்க்கா. மாருதியிலே முன்சக்கரத்தைப் பிடிக்கும். இதுலே பின்சக்கரத்தைப் பிடிக்கும். ஈரத்துலே, இறக்கத்துலே பின்னாடி பாரமே இருக்காது, சர்ருன்னு வழுக்கும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க, கியரை மாத்துங்க, கிளட்சை மெதுவா விடுங்க. நல்ல டயர் ரெண்டும் எப்பவும் பின்னாடியே இருக்கட்டும்."

பலமான கார் என்றால் பத்திரமான கார் என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே. பலம் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவதில்தான் பத்திரம் இருக்கிறது.

அட்டையும் நோட்டும்

மாமா காரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஆனால் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தவரல்ல. அத்தை வாசலில் கோலம் போட்ட கையோடு, காருக்கு அடியில் ராத்திரி விரித்த பழைய அட்டையை இழுத்துப் பார்க்கிறார். முன்பக்கம் கறுப்புச் சொட்டு என்றால் எஞ்சின் ஆயில். பச்சைத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர். பின்அச்சுக்கு நேர் கீழே கெட்டியாய், கடுமையான வாடையுடன் ஒரு சொட்டு என்றால் டிபரன்ஷியல் ஆயில். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அந்த உருண்டைப் பெட்டியில்தான் இருக்கின்றன. அங்கே ஆயில் வற்றினால் பல் தேயும். பிறகு செலவு ஆயிரத்தில் நிற்காது.

காதுக்கும் வேலை உண்டு. வண்டி நகரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால், தண்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட இருக்கை அதிர்ந்தால் தண்டின் சமநிலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து ஓயாமல் முனகல் கேட்டால் டிபரன்ஷியல். முதல் சத்தத்திலேயே கவனித்தால் சில்லறைச் செலவு. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றால் மொத்தச் செலவு.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எதனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் அரிக்கும். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் டாங்கியில் துருவும் கார்புரேட்டரில் அடைப்பும் வரும். அத்தை எல்லா ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிட்டார். ஞாயிறு தவறாமல் பேரூர் கோயில் வரை ஓட்டிவிட்டு வருகிறார். "அவருக்குத் தரிசனம், இவளுக்குத் தேக அப்பியாசம்" என்கிறார்.

இதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறுகிறது. பால் கணக்கு எழுதுகிற அதே கையெழுத்தில் தேதி, கிலோ மீட்டர், பெட்ரோல், ஆயில், ரூபாய்!

கோயமுத்தூரின் கைராசி

உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன காருக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்கிறீர்களா? எஞ்சினைப் பற்றி அதிகக் கவலையில்லை. 1990-களில் இதே இசுஸு எஞ்சினை அம்பாஸடருக்கும் வைத்தார்கள். அம்பாஸடரோ 2014 வரை உற்பத்தியானது. கண்ணாடி, விளக்கு, கதவுக் கைப்பிடிதான் கண்ணில் படாது.

கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து கொடுக்க ஊரில் லேத்துப் பட்டறைகள் உண்டு. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊரல்லவா! 1920-ல் ஒரு பஸ்ஸோடு பிரயாணத் தொழிலில் இறங்கிய ஜி.டி. நாயுடு பிறந்த மண் இது. அவர் பெயர் தாங்கிய கார் மியூசியம் 2015-லிருந்து அவினாசி சாலையில் இருக்கிறது. கோயமுத்தூர் போனால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

வாங்கலாமா, வேண்டாமா?

தினம் ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக ஒரே கார்தான் வீட்டில் என்றால், கான்டெஸா வேண்டவே வேண்டாம். அத்தையின் நோட்டுப்படி ஊருக்குள் லிட்டருக்கு எட்டு கிலோ மீட்டர்தான். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; பசுமை வரியும் உண்டு. அத்தை 2023-ல் புதுப்பித்தபோது கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். நம்பிக்கையான மெக்கானிக்கும் மழை படாத நிழலும் இல்லாதவர்கள் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

அப்படியும் வாங்குவதென்றால், பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். வண்டியை உயரத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்துத் துருவைப் பாருங்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டச் சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

போன மாதம் மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். "இன்னும் விக்கலையாம்மா?" என்று கேட்டான். அத்தை நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தார். அவன் ஒரு மணி நேரம் புரட்டினான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் காரில் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று மட்டும் சாவியைக் கேட்டான்.

அத்தை சாவியை உடனே கொடுக்கவில்லை.

"மொதல்ல அட்டையை இழுத்துப் பாரு கண்ணு. பாத்துட்டு வந்து என்ன சொட்டிருக்குதுன்னு சொல்லு. பொறவு சாவியைத் தாரேன்."