மரச்சீனி வெந்த தண்ணீரை ஏன் கொட்டுகிறார்கள்?

திருவனந்தபுரத்தில் மரவள்ளிக் கிழங்கை மரச்சீனி என்பார்கள். கப்பை என்றும் சொல்வதுண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைப் பயிரிட மக்களைத் தூண்டினார். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது ஏழைகளின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான்.

வீடுகளில் கிழங்கைத் தோல் உரிப்பார்கள். துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைப்பார்கள். வெந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். ஏன்?

செடிகள் எல்லாம் செல் என்னும் மிகச் சிறிய அறைகளால் ஆனவை. அவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வோர் அறைக்கும் சுவர் உண்டு. பஞ்சில் உள்ள நார்ப்பொருள்தான் இந்தச் சுவரிலும் முக்கியமானது. அதோடு கொஞ்சம் புரதமும் இருக்கும். பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது அல்லவா? அந்த இனம்தான். ஆனால் சுவரில் உள்ள புரதங்களுக்கு வேலை உண்டு. ஒன்று சுவரைக் கெட்டியாக்கும். இன்னொன்று, செல் வளரும்போது சுவரை இளக்கிக் கொடுக்கும்.

மரவள்ளியின் சுவரில் லினமாரேஸ் என்ற புரதமும் இருக்கிறது. அறையின் உள்ளே ஒரு பை உண்டு. அந்தப் பையில் லினமாரின் என்ற பொருள் இருக்கும். சயனைடு விஷம் சர்க்கரையோடு சேர்ந்து அதில் கட்டுண்டு கிடக்கிறது. பை கிழியாத வரை ஒன்றும் ஆகாது. புழு கடித்தால் அறை உடையும். இரண்டும் கலக்கும். புரதம் அந்தக் கட்டை அவிழ்க்கும். விஷம் வெளியே வரும். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. இலையிலும் தோலிலும் லினமாரின் அதிகம். மரவள்ளி இலையை மேய்ந்த ஆடுமாடுகள் சில சமயம் செத்துப்போவது இதனால்தான்.

வெளியே வந்த விஷம் எளிதில் காற்றோடு போய்விடும். கிழங்கை நசுக்கி வெயிலில் காயவைத்தால், புரதம் தன் வேலையை முடித்துவிடும். விஷத்தில் பெரும்பகுதி போய்விடும். விஷத்தைக் கிளப்பும் புரதமே இங்கே மனிதருக்கு உதவுகிறது!

வேகவைக்கும்போது கதை வேறு. சூட்டில் முட்டையின் வெள்ளைக் கரு உறைகிறது. அதுபோல இந்தப் புரதமும் சூட்டில் கெட்டுவிடும். கட்டு அவிழாமல் லினமாரின் தங்கிவிடும். அது வயிற்றுக்குள் போனால், குடலில் உள்ள நுண்கிருமிகள் கட்டை அவிழ்க்கக்கூடும். நல்லவேளையாக அது தண்ணீரில் கரையும். தண்ணீரைக் கொட்டுவது இதற்காகத்தான்.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963இல் தொடங்கியது. அங்கே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிறு துண்டாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தால் அதிகம் வெளியேறும். ஆவியில் அவித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் பெரும்பகுதி கிழங்கிலேயே நின்றுவிடும்.

எல்லாக் கிழங்கும் ஒன்றல்ல. மலேசியாவிலிருந்து வந்த எம் 4 ரகத்தில் லினமாரின் குறைவு. கேரள வீடுகளில் விரும்பிச் சமைப்பது அதைத்தான். 1971இல் அந்த நிலையம் தந்த எச் 226 ரகம் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கிழங்கை அரைத்துத் தண்ணீரில் அலசித்தான் மாவு எடுக்கிறார்கள்.