வதந்தியை மக்கள் நம்புவது ஏன்?

பொய்ச் செய்தியை நம்புவோர் கல்வியறிவற்றவர் என்று கருதுவது வழக்கம். இது முற்றும் சரியன்று. மனத்தில் முன்னரே குடிகொண்டுள்ள அச்சத்துக்குப் பொருந்தி வரும் செய்தியைக் கற்றவரும் கல்லாதவரும் எளிதில் நம்பிவிடுகின்றனர்.

1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதையொட்டிப் பரவிய வதந்திகளைத் திரட்டி, ஜமுனா பிரசாத் என்னும் உளநூல் அறிஞர் 1935-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதத்தை நேரில் காணாத மக்களிடையே, பாட்னாவைக் கடும் புயல் தாக்கப்போகிறது என்பன போன்ற வதந்திகள் உலவின. அஞ்சியிருப்போர் மேலும் அச்சமூட்டும் செய்தியை ஏற்பானேன்? அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் இதற்கு விளக்கம் தந்தார். அச்சம் முன்னரே உள்ளது. அதற்குத் தக்க காரணம் கண்முன் இல்லை. அக்காரணத்தை வதந்தி அளிக்கிறது.

அரசியல் சார்ந்த வதந்திக்கும் இது பொருந்தும். இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்து இயக்கம் 1995-ல் நாடெங்கும் தொடங்கிற்று. இம்மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்றும், முஸ்லிம்களின் தொகையைக் குறைக்க அரசு செய்யும் சூழ்ச்சி என்றும் மேற்கு உத்தரப்பிரதேசத்தில் வதந்தி பரவிற்று. பல குடும்பங்கள் மருந்தை மறுத்தன. வதந்தி ஆதாரமற்றது, ஆயினும் அது வேரூன்றிய நிலம் கற்பனையன்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்னும் ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன; பலர் வற்புறுத்தலுக்கு உள்ளாயினர். அந்நினைவு மறையவில்லை.

மற்றொரு கேள்வியும் எழுந்தது: மருத்துவமனையும் சாக்கடை வசதியும் வராத தெருவுக்கு இம்மருந்து மட்டும் பன்முறை வருவதேன்? இதற்கு விடை உண்டு. சுகாதாரக் குறைவும் வயிற்றுப்போக்கும் மிகுந்த இடங்களில் சில தவணைகள் போதிய தடுப்பாற்றலை அளிப்பதில்லை. அவ்விடை சென்று சேராத வீடுகளில் வதந்தியே விடையாயிற்று. 2002-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,600 பேரை இந்நோய் தாக்கியது; அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் உத்தரப்பிரதேசத்தினர்.

வெறும் மறுப்பு அறிக்கைகளால் இந்நிலை மாறவில்லை. அந்தந்தப் பகுதிப் பெண்களே ஊழியர்களாகி வீடு வீடாகச் சென்றனர். சமயத் தலைவர்கள் பள்ளிவாசல்களில் ஆதரவு அறிவித்தனர். வயிற்றுப்போக்குக்கு மருந்து, கைகழுவும் பழக்கம், துப்புரவு ஆகியவற்றிலும் கவனம் செலுத்தப்பட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13-ல் ஹௌராவில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச் 27-ல் நாடு இந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

ஆசிரியர்களும் களப்பணியாளரும் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கூற்று மெய்யோ பொய்யோ, மெய்போலத் தோன்றும் என்பதை 1977-ல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டிற்று. ஆகவே வதந்தியைப் பலமுறை எடுத்துக் கூறி மறுத்தல் நன்றன்று. உண்மையை முதலிற் கூறுக. அதன் காரணத்தை விளக்குக. கேட்பவரின் அச்சம் எதனின்று எழுந்தது என்பதைப் பொறுமையுடன் கேட்டறிக. அவரை அறிவிலி என்று இகழ்ந்தால், அவர் வதந்தியைக் கைவிடுவதில்லை, சொல்பவரையே கைவிடுகிறார்.