பறவை வீட்டுக் கல்யாணம்

கல்யாணம், ஊர்வலம், சம்பந்திகள் எல்லாம் மனிதர்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் பிரான்ஸ்வா லெகா என்பவர் எழுதி வைத்திருப்பதைக் கேளுங்கள்.

மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்ஸை விட்டு வெளியேறியவர் அவர். 1691-ல் ஏழு தோழர்களோடு ரோட்ரிக்ஸ் தீவில் வந்து இறங்கினார். மொரிஷியஸுக்குக் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டரில், இந்து மகா சமுத்திரத்தில் இருக்கும் சின்னத் தீவு அது. அப்போது அங்கே மனித வாடையே கிடையாது. இரண்டு வருஷம் தங்கினார்கள்.

அங்கே ஒரு பெரிய பறவையைக் கண்டார்கள். அதற்குப் பறக்கத் தெரியாது. பெரும்பாலும் தனியாகவே திரிந்ததால் 'சாலிடேர்' என்று பெயர். பெண் பறவை ஒரு சிறகுகூடக் கலையாமல் சதா கோதி ஒழுங்கு பண்ணிக்கொண்டே இருக்குமாம். நடையிலே ஒரு கம்பீரமாம். இடுவது ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏழு வாரம் அடைகாக்கும். (இந்த வரியை மட்டும் வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்!)

குஞ்சு கூட்டை விட்டு இறங்கிய சில நாளில், முப்பது நாற்பது பறவைகள் இன்னோர் இளம் பறவையை அழைத்துக்கொண்டு வரும். குஞ்சும் பெற்றோரும் சேர்ந்துகொள்ள, ஒதுக்குப்புறமாக ஓர் இடத்துக்கு ஊர்வலம் போகும். பிறகு பெரியவர்கள் சிறுசுகள் இரண்டையும் அங்கே விட்டுவிட்டுக் கலைந்து விடுவார்கள். இதற்கு லெகாவின் கூட்டத்தார் வைத்த பெயர்தான் கல்யாணம்.

பிடித்தால் சாலிடேர் கத்தாது. கண்ணீர் விடும், எதைக் கொடுத்தாலும் தின்னாமல் பட்டினி கிடந்தே உயிரை விடும். இவ்வளவும் எழுதிய மனிதர், அதன் மாமிசம் வெகு ருசி என்றும் எழுதியிருக்கிறாரே, என்ன சொல்வது!

1708-ல் அவர் புஸ்தகம் வெளிவந்தது. கதை அளக்கிறார் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சிறகு எலும்பில் துப்பாக்கிக் குண்டு அளவுக்கு ஓர் உருண்டை உண்டு, அதனால் அடித்துச் சண்டை போடும் என்று அவர் எழுதியிருந்தார். 1860களில் ரோட்ரிக்ஸ் குகைகளில் எலும்புகள் கிடைத்தன. உருண்டை இருந்தது! 1870களில் பாரிஸில் கடற்படை இலாகாவின் பழைய காகிதங்களுக்கு நடுவே, கையெழுத்தில்லாத ஒரு பிரதி அகப்பட்டது. 1725, 26-ல் அந்தத் தீவில் இருந்த ஒருவர் எழுதியது. அதிலும் அதே பறவை, அதே உருண்டை.

ஆக, லெகா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்யாணம்? எலும்பு எதற்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லும், ஊர்வலத்துக்குச் சொல்லுமா?

இன்னொரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. 1755-ல் கோசிஞி என்ற பிரெஞ்சு எஞ்சினீயர், உயிரோடு ஒரு சாலிடேர் வேண்டுமென்று ஒன்றரை வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. காட்டில் திரிந்த பூனைகள் தின்றுவிட்டதாகத் தீவுக்காரர்கள் சொன்னார்கள். அவருக்கோ சந்தேகம் மனிதர்கள் மேலேயே.

1776-ல் லெ மோனியே என்ற வான சாஸ்திரி, துலா ராசிக்குப் பக்கத்தில் சில நட்சத்திரங்களுக்குச் சாலிடேரின் பெயரைச் சூட்டினார். ஆனால் படத்தில் வரைந்தது வேறொரு பறவையை! இன்றைய வானப் படங்களில் அதுவும் இல்லை.