ஆடும் படகில் அசையாத கதவு

வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டால் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகுகிறோம். இல்லையென்றால் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுக்கிறோம். அத்தோடு வேலை முடிந்தது. இதையே கடலில் ஓடும் படகின் அறைக் கதவில் செய்து பார்த்தால், நாலைந்து அலைகளுக்குள் மரத்துண்டு நழுவிவிடும். செங்கல் எங்கோ போய்க் கிடக்கும். கதவு படீரென்று சாத்திக்கொள்ளும்.

வீட்டில் தரை அசைவதில்லை. புவியீர்ப்பு எப்போதும் தரைக்குச் செங்குத்தாகவே இழுக்கிறது. அதனால் நேராகப் பொருத்திய கதவு விட்ட இடத்தில் நிற்கிறது. படகிலோ தரையே சாய்கிறது. இடப்பக்கம் சாயும்போது கதவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். அடுத்த சில நொடிகளில் இந்தப் பக்கம் பள்ளம். போதாக்குறைக்கு இன்ஜினின் அதிர்வு வேறு. ஆப்பு தரையைப் பற்றி நிற்பது உராய்வினால். அதிரும் தரையில் அந்தப் பிடி கணத்துக்குக் கணம் தளர்ந்து இறுகுகிறது. தளரும்போதெல்லாம் ஆப்பு நூலளவு நகர்கிறது.

ஆகவே, பாய்மரப் படகோ பயணிகள் கப்பலோ, கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. பார்வைக்கு அற்பமான விஷயம்தான். ஆனால் நெம்புகோல் விதி, உலோகவியல், காந்தவியல், தீப் பாதுகாப்பு எல்லாமே இந்தக் கதவோரத்தில் வந்து சேர்கின்றன.

சாத்தியே வைத்தால் என்ன?

வைக்கலாம். ஆனால் படகின் அறை சிறியது. உள்ளே தூங்குபவரின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வரும் ஈரம் வெளியேற வழியில்லை. கடல் நீர் குளிர்வித்த பக்கச் சுவரில் அது நீர்த்துளியாகப் படிகிறது. மெத்தையிலும் மரத்திலும் பூஞ்சை பூக்கிறது. வெப்பமண்டலக் கடலில் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. தவிர, ஆடும் படகில் நடப்பவருக்கு ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். மறுகையில் தட்டோ கயிறோ இருந்தால், அடிக்க வரும் கதவைத் தடுக்க மூன்றாவது கை கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு

எட்டு கிலோ எடையும் 50 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். படகின் குறுக்குச் சுவரில் பொருத்தியது. திறந்தால் படகின் நீளவாக்கில் நிற்கிறது. படகு பக்கவாட்டில் 20 பாகை சாய்கிறது. அப்போது கதவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 27 நியூட்டன் விசை, கதவைச் சாத்தும் திசையில் வேலை செய்கிறது. அது கதவின் நடுப்புள்ளியில் செயல்படுவதால், கீலுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் பிடித்து நிறுத்தப் பாதி விசையே போதும். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான சுமைதான். ஒரு குழந்தைகூடப் பிடித்து வைக்கும்.

அதே கதவைப் பிடிக்காமல் விட்டால் கதை வேறு. திறந்த நிலையிலிருந்து சாத்தும் வரை அது சேர்க்கும் ஆற்றல் ஏறக்குறைய 6.7 ஜூல். நிலையோரத்தில் ஒரு விரல் இருந்து, ஐந்து மில்லிமீட்டர் நசுங்கி அந்தக் கதவை நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், விரல்மேல் விழும் சராசரி விசை 1,300 நியூட்டனைத் தாண்டும். 130 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு விரல்மேல் ஏறி இறங்குவதற்குச் சமம். நிற்கும் கதவைப் பிடிப்பது எளிது. ஓடத் தொடங்கிய கதவை நிறுத்துவதுதான் கடினம்.

ஆட்டம்தான் எதிரி

படகுகளில் காலங்காலமாக இருப்பது கொண்டியும் நாதாங்கியும். சுவரில் கொண்டி, கதவில் நாதாங்கி. மாட்டிவிட்டால் சாத்தாது. ஆனால் இரவு முழுக்கக் 'கடக், கடக்' என்று சத்தம் கேட்கும். சில மாதங்களில் திருகாணிகள் கழன்று வரும். கொண்டி உறுதி போதவில்லை என்று நினைத்துப் பெரிய கொண்டியாக வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் கழன்று வருகிறது.

குறை கொண்டியின் உறுதியில் இல்லை. அது கொடுக்கும் ஆட்டத்தில்தான் இருக்கிறது. கொண்டிக்கும் நாதாங்கிக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்போம். படகு சாயும்போது கதவு அந்த மூன்று மில்லிமீட்டரை ஓடிக் கடந்து உலோகத்தில் மோதுகிறது. உலோகம் வளைந்து கொடுப்பது பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் என்றால், ஓடிய தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 30. முன்பு பார்த்த ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த சுமை முப்பது மடங்காகி, 40 கிலோ அடியாக இறங்குகிறது. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஆடும் சிறு படகில் ஒரு நாளைக்கு 17,280 ஆட்டங்கள். அத்தனை அடியையும் மெல்லிய பிளைவுட்டில் இறங்கிய இரண்டு திருகாணிகள் எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு மருந்து ஒரு ரப்பர்க் கட்டை. கதவுக்கும் சுவருக்கும் நடுவே அதை வைத்து, கதவைச் சற்று அழுத்தினால்தான் கொண்டி மாட்டும் என்ற அளவில் பொருத்த வேண்டும். ரப்பர் கதவை ஒரு பக்கம் தள்ளும். கொண்டி மறுபக்கம் இழுக்கும். கதவு நடுவில் இறுகி நிற்கும். ஆட்டம் இல்லை என்றால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லை என்றால் அடி இல்லை. ரப்பரும் நாளடைவில் அமுங்கி உயிரிழக்கும் என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

எங்கே மாட்டுவது, எதில் செய்வது

கொண்டியைக் கீலுக்குப் பக்கத்தில் மாட்டினால் அழகாக மறைந்திருக்கும். ஆனால் நெம்புகோல் விதி விடாது. கீலிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் தாங்க வேண்டிய விசை, 10 செ.மீ. தூரத்துக்கு வந்தால் ஐந்து மடங்காகிறது. விளிம்பை ஒட்டி மாட்டுவதே நல்லது. உயரமும் கவனிக்கத்தக்கது. அடியில் மட்டும் பிடித்தால், மெல்லிய கதவின் மேல்மூலை முறுக்கிக்கொண்டு நடுங்கும்.

தன் எடையாலேயே விழுந்து நிற்கும் சாதாரணக் கொண்டிக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அலையின் உச்சியிலிருந்து படகு பள்ளத்தில் விழும்போது, அதிலுள்ள எல்லாப் பொருள்களும் ஒரு கணம் எடை குறைகின்றன. கொண்டியும்தான். அந்தக் கணத்தில் அது நாதாங்கியை விட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும். அதனால்தான் கடலோடிகள் சுருள்வில் வைத்த கொண்டியை விரும்புகிறார்கள். வில் அழுத்துவதற்குப் புவியீர்ப்பின் தயவு தேவையில்லை.

பளபளக்கும் பித்தளைக் கொண்டி கடைகளில் மலிவு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு நீர் படப்பட, சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்து வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த செம்பு மட்டும் மிஞ்சுகிறது. பார்க்க முழுசாக இருக்கும், இழுத்தால் ஒடியும். உப்புக் காற்றுக்கு வெண்கலமோ, மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருப்பிடிக்காத எஃகோ பொருத்தம்.

காந்தம் கைகொடுக்குமா?

கொடுக்கும், நிபந்தனைகளோடு. 1982இல் ஜப்பானில் மசாதோ சகாவா, நியோடைமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்து அதுவரை இல்லாத வலிமையுள்ள காந்தத்தை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஜான் குரோட்டும் வேறு வழியில் அதே கலவையை எட்டினார். காற்றாலையிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் அந்தக் காந்தம் படகுக் கதவுக்கும் வந்து சேர்ந்தது. தள்ளினால் ஒட்டும், இழுத்தால் விடும், விரலைக் கடிக்கும் கொண்டி இல்லை.

முதல் சிக்கல், எதில் ஒட்டுவது என்பது. படகில் எங்கும் இருக்கும் 316 எஃகில் காந்தம் ஒட்டாது. அதன் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள விதம் அப்படி. ஒட்டக்கூடிய எஃகு வகைகள் பொதுவாகக் கடற்காற்றில் விரைவில் துருப்பிடிப்பவை. எதிரெதிராக இரண்டு காந்தங்களை வைப்பது ஒரு வழி. இரண்டாவது, நியோடைமியம் காந்தமே எளிதில் துருப்பிடிப்பது. அதன் நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்புக் காற்று உள்ளே புகுந்து பொடியாக்கிவிடும். மூன்றாவது, இழுவிசை இடைவெளியோடு வெகு வேகமாகக் குறையும். கதவு ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பிடி பெருமளவு தளர்ந்துவிடும். ரப்பர்க் கட்டையின் அவசியம் இங்கேயும் உண்டு.

நான்காவதுதான் ஆபத்தானது. படகில் திசைகாட்டி இருக்கிறது. தானியங்கிச் சுக்கானுக்குத் திசை சொல்லும் உணரியைப் பல படகுகளில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்கு உள்ளேயோ மறைத்து வைத்திருப்பார்கள். கதவுக் காந்தம் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டால், கதவு திறந்திருக்கும்போது ஒரு திசையும் மூடியிருக்கும்போது வேறொரு திசையும் காட்டும். காந்தம் பொருத்துவதற்கு முன்னால் அந்த உணரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட வேண்டும்.

வெளிக் கதவும் புகையும்

மேல்தளத்துக்குத் திறக்கும் கதவுக்குச் சாய்வைவிடப் பெரிய எதிரி காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 37 கி.மீ. காற்றில், ஒரு சதுர மீட்டர் கதவின்மேல் ஏறக்குறைய 6.5 கிலோ விசை விழும். வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்காகி 26 கிலோவாகும். இந்தக் கதவுகள் பொதுவாக வெளிப்பக்கம் திறப்பவை. அலை வந்து மோதினால் கதவை நிலையோடு சேர்த்து அழுத்தட்டும் என்பதற்காகக் கப்பல் விதிகளே அப்படிச் சொல்கின்றன. ஆகவே இங்கே ரப்பர்க் கயிறு, காந்தம் எல்லாம் போதாது. பலகைக்குள் முட்டும் திருகாணியை நம்பாமல், ஊடுருவிப் போய் மறுபக்கம் நட்டு முறுக்கிய போல்ட்டில் கொண்டி நிற்க வேண்டும்.

பின்பக்கக் கதவைத் திறந்து வைப்பதில் கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்றும் உண்டு. படகு முன்னோக்கி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. இன்ஜின் புகை அங்கே சுழன்று தங்குகிறது. முன்பக்க ஜன்னல்களை மூடி, பின்கதவை மட்டும் திறந்து வைத்தால் அந்தப் புகை அறைக்குள் இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேரும். தலைவலியும் குமட்டலும் கடல் நோய் என்றே தோன்றும். பின்கதவைத் திறந்தால் முன்பக்கமும் காற்று வர வழி வேண்டும். அறையில் அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவியும் வேண்டும்.

கொண்டியே போடக் கூடாத கதவு

பயணிகள் கப்பலில் நடைபாதைகளுக்குக் குறுக்கே கனமான கதவுகள் உண்டு. ஓரிடத்தில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுப்பவை. சோலாஸ் எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, கட்டுப்பாட்டு அறையிலிருந்து விடுவிக்க முடியாத கொண்டிகளை இந்தக் கதவுகளில் அறவே தடை செய்கிறது. கப்பல் எதிர்ப்பக்கம் 3.5 பாகை சாய்ந்திருந்தாலும் அவை தாமாகவே சாத்த வேண்டும். கீல் கதவு நகரத் தொடங்கியதிலிருந்து 10 நொடிக்குக் குறையாமலும் 40 நொடிக்கு மேற்படாமலும் மூட வேண்டும். குறைந்தால் கடந்து செல்பவரை நசுக்கும். கூடினால் புகை முந்திக்கொள்ளும்.

ஆனால் நாள் முழுக்க ஆட்கள் நடக்கும் இடத்தில் இவை திறந்திருக்கவும் வேண்டுமே? அதற்கு மின்காந்தம். மின்சாரம் ஓடும்வரை கதவைப் பிடித்திருக்கும். எச்சரிக்கை மணி அடித்தாலோ, மின்சாரம் நின்றாலோ பிடியை விட்டுவிடும். கருவி பழுதானாலும் கதவு சாத்தும் பக்கமே சாயும் என்பதுதான் இதன் சிறப்பு.

1990 ஏப்ரல் 7 அதிகாலையில், நார்வேயின் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் பிரெடெரிக்ஸ்ஹாவனுக்குச் சென்ற 'ஸ்கேண்டினேவியன் ஸ்டார்' கப்பல் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை. மூடியிருக்க வேண்டிய கதவுகளில் சில மூடாதது புகை பரவக் காரணங்களுள் ஒன்று. அதன் பிறகே பயணிகள் கப்பல்களின் தீப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

படகு வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அறைக் கதவைத் திறந்து மாட்டிவிட்டு, விளிம்பைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் பெரிய கொண்டி வாங்காதீர்கள். ரப்பர்க் கட்டை வையுங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கும், வேறு எங்கேயாவது கப்பல் ஏறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடைபாதையின் தீத்தடுப்புக் கதவு திரும்பத் திரும்பச் சாத்திக்கொள்வது எரிச்சலாகத்தான் இருக்கும். அதற்காகச் செருப்பையோ பெட்டியையோ முட்டுக்கொடுக்காதீர்கள். அந்தக் கதவு சாத்துவதற்காகவே அங்கே இருக்கிறது.