வாசலில் நிற்கும் செவ்வரளி

மதுரை ஒத்தக்கடைப் பக்கம், ஆனைமலை தெரிகிற வீட்டு வாசல்களில் செவ்வரளி பூத்து நிற்பது சாதாரணக் காட்சி. வெயில் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடுமாடு வாய் வைக்காது. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் இதை வரிசையாக நடுவதும் அதனால்தான். எதிர்வண்டி வெளிச்சத்தையும் மறைத்துவிடும். பக்கத்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சாமி மாலைக்காகக் கிலோ கணக்கில் விலைபோகிறது.

ஆடு ஏன் ஒதுங்குகிறது என்று யோசிப்பவர்கள்தான் குறைவு.

இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். ஒலியாண்ட்ரின் என்ற பொருள் இதயத்துக்குள் புகுந்து துடிப்பைத் தாறுமாறாக்கும். இலை காய்ந்து சருகானாலும் வீரியம் போகாது. இதன் உறவுக்காரியான மஞ்சள் அரளியும் சளைத்ததல்ல. இலங்கையில் 1980-களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதன் நஞ்சால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். செம்மறியாட்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்மருந்து பலன் தருவதாக அங்கே நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. விலைதான் ஏழைக்கு எட்டாது.

கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. மாலைக்குத் தடையில்லை, அது வாய்க்குள் போவதில்லையே!

செடியை வெட்டி எறிய வேண்டாம். கவாத்து செய்யும்போது பிசுபிசுவென்று சாறு ஒட்டும். கையுறை நல்லது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வெட்டிய கிளைகளை எரிக்கக் கூடாது, புகையும் ஆகாது. தவழும் குழந்தை இருக்கிற வீடானால், அந்த இடத்துக்குச் செம்பருத்தி போதும்.