அறுபது பேரும் ஒரு கொப்பியும்

வீடியோ கேம் என்றதும் எங்கள் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். "படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்கு?" என்பது உம்மாவின் குரல். "சும்மா சுட்டுச் சுட்டு விளையாடுறதுதானே" என்பது வாப்பாவின் குரல். கடந்த டிசம்பர் விடுமுறை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு விளையாட்டுப் பழக்கம் கிடையாது. காக்காவின் மடிக்கணினியில் கார் ஓட்டப் போனால் முதல் வளைவிலேயே மதிலில் மோதிவிடுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு விளையாட்டை மூன்று வாரங்கள் இருந்து விளையாடி முடித்தேன். அது எப்படிப்பட்டது, அதிலிருந்து நான் எதை விளங்கிக்கொண்டேன் என்பதைச் சக மாணவியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் பெயர் 'ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்'. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. ஜப்பானில் வசிக்கும் அமெரிக்கரான லூகாஸ் போப் இதனை உருவாக்கினார். கதை, படங்கள், இசை, நிரலாக்கம் யாவும் அவருடையவையே. பழைய மெக்கின்டோஷ் கணினித் திரையைப் போல எல்லாமே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். 2019இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் இரண்டு இதற்குக் கிடைத்தன.

கதை இதுதான். 1802இல் 'ஒப்ரா டின்' என்ற வணிகக் கப்பல் இலண்டனிலிருந்து கீழைத்தேயத்துக்குப் புறப்படுகிறது. நன்னம்பிக்கை முனைக்கு அது வந்து சேரவில்லை. கடலில் காணாமற்போனதாக அறிவித்துவிடுகிறார்கள். 1807இல் ஒருநாள் அதே கப்பல் இங்கிலாந்தின் ஃபல்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. பாய்கள் கிழிந்திருக்கின்றன. உயிருள்ள எவரும் அதில் இல்லை. கிழக்கிந்திய கம்பனியின் காப்புறுதிப் பரிசோதகராக நாம் தனியே அதில் ஏறுகிறோம். கப்பலில் இருந்த அறுபது பேருக்கும் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுப்பதே நமது வேலை.

வரலாறு படிக்கும் மாணவியருக்கு 1802 என்ற ஆண்டு பழக்கமானது. ஒல்லாந்தரிடமிருந்த இலங்கையின் கரையோரம் அமியன்ஸ் உடன்படிக்கையால் பிரித்தானியருக்கு உறுதியான ஆண்டு அது. அதற்குச் சற்று முன்புவரை இக்கரையோரத்தை ஆண்டதும் இதே கிழக்கிந்திய கம்பனிதான். பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த கம்பனியின் கப்பல் தளத்தில் நடந்து திரிந்தபோது எனக்கு அது புது அனுபவமாக இருந்தது.

இனி, விளையாடும் முறை. நம்மிடம் இரண்டே பொருட்கள்: ஒரு சட்டைப்பைக் கடிகாரம், ஒரு புத்தகம். இறந்த ஒருவரின் எச்சத்தருகே கடிகாரத்தைத் திறந்தால் அவருடைய கடைசி நொடிகளின் சத்தமும் பேச்சும் கேட்கும். பிறகு அவர் இறந்த கணம் அப்படியே உறைந்து நிற்க, நாம் அதற்குள் நடந்து பார்க்கலாம். புத்தகத்தில் கப்பலில் இருந்தவர்களின் முகங்கள் வரையப்பட்டிருக்கும். பெயர், பதவி, பிறந்த நாடு கொண்ட பட்டியலும் இருக்கும். ஆனால் எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்று எங்கும் எழுதியிருக்காது. இவர் யார், எப்படி இறந்தார், யாராவது கொன்றிருந்தால் அது யார் என்ற மூன்றையும் நாமே நிரப்ப வேண்டும்.

பட்டியலை வாசித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். சொலமன் சையத், ஆபிரகாம் அக்பர், வில்லியம் வாசிம். மூவரும் இந்திய மாலுமிகள். முன்பெயர் ஆங்கிலேயருடையது, பின்பெயர் நம்முடையது. கம்பனிக் கப்பல்களில் 'லஸ்கர்' எனப்பட்ட ஆசிய மாலுமிகள் வேலை செய்தது உண்மை வரலாறு. சையத் கொலை செய்யப்படவில்லை. கதையின் ஆரம்பத்திலேயே நோயால் இறந்துபோகிறார். அவர் யார் என்பதை முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. தூங்குமஞ்சத்தில் இருக்கும் இலக்கத்தைப் பட்டியலின் இலக்கத்தோடு ஒப்பிட்டே கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் சிலரைச் சப்பாத்தைக் கொண்டும், சிலரைப் பேச்சின் தொனியைக் கொண்டும் அறியலாம்.

உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' படிப்பவர்களுக்கு இது பழகிய வேலை. எடுகூற்றுகள் கப்பலெங்கும் சிதறிக் கிடக்கின்றன. முடிவை நாம் பெற வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. ஒருவரைப் பற்றி எழுதியவுடன் அது சரியா பிழையா என்று புத்தகம் சொல்லாது. மூன்று பேரின் விபரமும் முழுமையாகச் சரியானால் மட்டுமே அது உறுதிப்படுத்தும். ஒவ்வொருவருக்கும் நான்கு பெயர்கள் சாத்தியம் என்று வைத்துக்கொண்டால், மூவருக்கும் சேர்த்து 4×4×4, அதாவது 64 வழிகள். குருட்டாம்போக்கில் எழுதி வெல்ல முடியாதபடி போட்ட பூட்டு இது.

நான் அந்தப் பூட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி கண்டுபிடித்தேன். நிச்சயமாகத் தெரிந்த இருவரை எழுதிவிட்டு, மூன்றாமவருக்கு மட்டும் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டேன். நாலாவது பெயரில் புத்தகம் உறுதிப்படுத்தியது. பின்னால் நின்ற காக்கா, "நீ யோசிக்கல்ல, லொத்தர் இழுக்கிறாய்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு படுக்கும்போது ஒரு கொப்பி நினைவுக்கு வந்தது.

ஒக்டோபர் மாதம், நான் போகும் மாலை வகுப்பில் என் வரலாற்றுக் கொப்பி காணாமற்போனது. இரண்டு தவணைக் குறிப்புகள் அதில் இருந்தன. அன்று என் பக்கத்தில் இருந்தவள் வேறு ஊரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பிள்ளை. அவள் அந்தக் கொப்பியை இரவல் கேட்டிருந்தாள். நான் கொடுக்கவில்லை. என் இரண்டு தோழியரிடம் சொன்னேன்: "அவள்தான் பக்கத்தில இருந்தாள். அவள்தான் கேட்டவள். அவள்தான் எடுத்திருப்பாள்."

மூன்று கூற்றுகள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது ஊகம். இரண்டு உண்மைகளின் தோளில் ஏறி அந்த ஊகமும் உண்மைபோல நடந்து போனது. அடுத்த வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. பத்து நாட்களின் பின் வேன்காரர் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். பின் ஆசனத்துக்கு அடியில் கிடந்ததாம். நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

விளையாட்டின் ஓர் அத்தியாயத்தில், ஃபோர்மோசாவிலிருந்து வந்த காவலன் ஒருவன் மீது கொலைப்பழி விழுகிறது. அவனைக் கட்டி நிறுத்திச் சுட்டுக் கொல்கிறார்கள். கொலை நடந்த கணத்துக்குள்ளும் நாம் நடந்து பார்க்கலாம் என்பதால், அவன் குற்றமற்றவன் என்பது நமக்குத் தெரியும். கப்பலில் இருந்தவர்களிடம் அந்தக் கடிகாரம் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒருவரின் பேச்சு மட்டுமே. அந்தக் காட்சிக்குள் வெகுநேரம் நின்றேன். உண்மையான கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லமாட்டேன். அதை விளையாடுபவர் தாமே கண்டுபிடிக்க வேண்டும்.

விளையாட்டின் இறுதியில், நாம் எழுதியதை வைத்துக் கம்பனி தீர்ப்புச் செய்கிறது. சில குடும்பங்களுக்கு நட்டஈடு கிடைக்கிறது. சிலருக்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. ஒரு பெயரைப் பிழையாக எழுதினால் அது எங்கோ இருக்கும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும் என்ற எண்ணம் வந்தபிறகு நான் லொத்தர் இழுப்பதை விட்டேன். ஊகித்து வென்ற மாலுமிகளிடம் திரும்பிப் போய், விடை ஏன் சரி என்பதற்கான தடயத்தைத் தேடினேன். ஒருவனுக்குச் சப்பாத்து, இன்னொருவனுக்குத் தூங்குமஞ்ச இலக்கம். ஆதாரம் முதலிலிருந்தே கண்முன்னால் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இவ்விளையாட்டில் வேகம் தேவையில்லை, தோல்வி இல்லை, இணையத்தில் முன்பின் தெரியாத எவரோடும் பேச வேண்டியதுமில்லை. எந்த நேரத்திலும் நிறுத்திவிட்டு எழும்பலாம். நான் இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மட்டும் விளையாடினேன். அதேநேரம் இதில் கொலைகளும் இரத்தமும் உண்டு. கறுப்பு வெள்ளையில் இருந்தாலும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. ஒரு விளையாட்டை அனுமதிக்கவோ தடுக்கவோ முன், பிள்ளையின் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். வாப்பா அப்படி இருந்தார். மூன்றாம் நாள், "அந்தத் தொப்பிக்காரன் யாரெண்டு கண்டுபிடிச்சிட்டியா?" என்று அவரே கேட்டார்.

மாணவியருக்கு: பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் தொழிற்பெயர்கள் கடினமானவை. விளக்கம் புத்தகத்திலேயே இருக்கிறது. கண்டதை ஒரு நிரலிலும் நினைத்ததை இன்னொரு நிரலிலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஜனவரியில் வகுப்புத் தொடங்கிய முதல்நாள் அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். "நான் எடுக்கல்ல எண்டு அண்டைக்கே சொன்னேன்தானே" என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு என் தோழியர் இருவரிடமும் போய்ச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி அதற்குள் வேறு நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். அந்த நால்வரையும் தேடிப் போனேன். அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது.

விளையாட்டில் அறுபது பேரின் கணக்கும் முடிந்தது. வகுப்பில் அவள் இன்னும் பின்வரிசையில்தான் இருக்கிறாள். என் வரலாற்றுக் குறிப்புகளைப் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டாள்.